கழனி போனதும் ஏரி போச்சு

மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு ரோடு இருக்கு. ஏரி தெரியுற ரோடுன்னு அர்த்தம். போய்ப் பார்த்தா ஏரி இருக்காது, மாடி வீடும் மருந்துக் கடையும்தான் தெரியும். நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்டு ரோடு, அதாவது ஏரிக்கரை ரோடு. சேத்துப்பட்டு பக்கம் ஸ்பர் டேங்க் ரோடு. முகப்பேர்ல விலாசத்துலயே ‘ஏரி ஸ்கீம்’னு எழுதுறாங்க. செத்துப்போன தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி, போன ஏரிங்களோட பேரைத் தெருவுக்கு வச்சிருக்காங்க.

ஒவ்வொரு ஐப்பசியிலயும் சென்னை மிதக்குறப்போ டிவியில நாலு பேர் உட்கார்ந்து வடிகால் சரியில்லைன்னு பேசுவாங்க. வடிகாலைப் பத்தி பேச வேண்டியதுதான். ஆனா செங்கல்பட்டு சீமையில ஏரித்தண்ணி பாய்ச்சி மூணு தலைமுறையா பயிர் வைக்கிற குடும்பத்துக்காரனுக்கு விஷயம் வேற மாதிரி தெரியுது. அதை எழுதி வைக்கலாம்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஏரின்னா என்னன்னு சொல்லிடுறேன். பட்டணத்துப் பிள்ளைங்களும் இதைப் படிக்கிறாங்க. நம்ம சீமையில நிலம் மேற்கே கொஞ்சம் உயரம், கிழக்கே கடலைப் பார்த்துச் சரிவு. வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதுல பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையில கொட்டிடும். மீதி மாசமெல்லாம் வெயில். பெரிய ஜீவநதியும் கிடையாது. பாலாறு இருக்கு, அதுல மணல்தான் அதிகம். ஆகவே நம்ம முன்னோர் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டாங்க. மூணு பக்கம் மேடு, ஒரு பக்கம் கரை. தண்ணி வர்ற வழி வரத்துக்கால். பாசனத்துக்குத் திறந்து விடுறது மதகு. நிரம்பி வழியுற இடம் கலங்கல். கலங்கல்ல தண்ணி தாண்டினா ‘ஏரி கோடி போகுது’ன்னு ஊரே ஓடிப்போய்ப் பார்க்கும்.

இதுல முக்கியமானது, கோடி போற தண்ணி வீணாப் போறதில்ல. மேல் ஏரியோட போக்குக்கால்தான் கீழ் ஏரிக்கு வரத்துக்கால். ஒண்ணு நிரம்பி அடுத்தது, அது நிரம்பி அதுக்கடுத்ததுன்னு மாலை மாதிரி கோத்து விட்டிருக்காங்க. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுல மட்டும் இப்படி மூவாயிரத்துக்கு மேல ஏரிங்க. சென்னை உட்கார்ந்திருக்கிறது இந்த மாலையோட கடைசி மணிகள் மேல. கூவம் ஆறே கூவம் ஏரியோட உபரித் தண்ணிதான். அடையாறு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிங்களும் செம்பரம்பாக்கமும் விடுற தண்ணி. ஆறுன்னு பேர்தான் பெரிசு, அடிப்படையில அதுங்க ஏரிங்களோட போக்குக்கால்.

இதையெல்லாம் யார் பார்த்துக்கிட்டாங்க? எங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேர பஸ்ல உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் அதைப் பேசுறாங்க. நான் பார்க்கிறது வேற ஒண்ணு. அங்க சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம்னு தனித்தனியா பிரிச்சு வச்சிருந்தாங்க. ஏரி வாரியத்துக்கு 6 பேர். வாரியத்துல வரணும்னா வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல சொந்தமா இருக்கணும். அதாவது ஏரியைப் பார்த்துக்கிறவனுக்கு அந்த ஊர்ல நிலம் இருக்கணும். தண்ணி இல்லாம போனா அவன் வீட்டு அடுப்பும் எரியாது.

அதை ரொம்பப் புகழவும் வேண்டாம். அது பிராமணர்களோட சபை. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அங்க ஓலை எழுத இடமில்லை. பின்னாடி வந்த குடிமராமத்துலயும் மண்ணு சுமந்தவன் ஒருத்தன், தண்ணி முதல்ல பாய்ச்சினவன் இன்னொருத்தன். ஆனாலும் யாரோட வயிறு ஏரியை நம்பி இருந்துச்சோ அவங்க கையிலதான் ஏரியும் இருந்துச்சு. அது கம்பெனிக்காரன் வர்ற வரைக்கும் ஓடுச்சு.

கம்பெனி வந்ததுமே ஏரியை விட்டுடல. 1790கள்ல இந்த ஜாகீருக்கு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் பேர் மதுராந்தகத்துல இன்னும் பேசப்படுது. ஏரி உடைச்சுக்கிட்டே இருந்துச்சு, 1798 மழையில உடையாம ராமர் காப்பாத்தினார், துரை தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார்ங்கிறது ஏரிகாத்த ராமர் கதை. சன்னதியில கல்வெட்டும் இருக்கு. ராமர் வில்லோட கரையில நின்னதை நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். ஆனா ஒரு வெள்ளைக்கார கலெக்டர் மழை ராத்திரியில ஏரிக்கரைக்கு ஏன் போகணும்? ஏரி போனா கழனி போகும், கழனி போனா கிஸ்தி போகும். கம்பெனியோட வயிறும் அந்த ஏரியை நம்பித்தான் இருந்துச்சு.

அதே பிளேஸ் காலத்துலதான் வேடந்தாங்கல் விஷயமும். சிப்பாய்ங்க வந்து ஏரியில பறவையைச் சுட்டாங்க. ஊர்க்காரங்க நேரா கலெக்டர்கிட்ட போய் நின்னு, சுடக் கூடாதுன்னு எழுத்துல கவுல் வாங்கினாங்க. 1858இல் அந்த உரிமையைப் புதுப்பிச்சும் வாங்கிக்கிட்டாங்க. பறவை மேல இருந்த பாசம் மட்டும் காரணம் இல்லீங்க. கடப்ப மரத்துல ஆயிரக்கணக்குல பறவை உட்கார்ந்து எச்சம் போடும். அந்தத் தண்ணி கழனிக்குப் பாயும். எரு வாங்குற செலவு மிச்சம். சம்பாவுக்கு அதைவிட நல்ல உரம் எது? சரணாலயம்னு சர்க்கார் அறிவிச்சது 1936இல். அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே அந்த ஊர் ஜனம் அதைச் சரணாலயமா நடத்திக்கிட்டு இருந்துச்சு. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது.

இப்ப மெட்ராஸுக்கு வருவோம். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீளமா ஒரு ஏரி கிடந்துச்சு. வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி, ரெண்டும் சேர்ந்தது. வெள்ளைக்காரங்க அதை லாங் டேங்க்னு சொன்னாங்க. அதுல படகுப் போட்டி கூட நடத்தினாங்க. இன்னிக்குப் பாண்டி பஜார்ல துணி எடுக்கப் போறவங்க அந்த ஏரிக்குள்ளதான் நடக்கிறாங்க.

நிலம் கிழக்கே சரிவுன்னு சொன்னேனே. அந்த ஏரிக்குக் கீழே என்ன இருந்திருக்கும்? பாசன நிலம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில இருந்து அந்தப் பக்கமெல்லாம் துரைமார் தோட்ட பங்களா கட்ட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு பங்களாவுக்கும் ஏக்கர் கணக்குல தோட்டம். பங்களாக்காரனுக்கு மதகு எப்போ திறப்பாங்க, கரையில எலி வளை இருக்கா, கலங்கல் கல்லு சரிஞ்சிருக்காங்கிற கவலை எதுக்கு? கிணத்துல தண்ணி ஊறுதா, போதும். நூறு வருஷத்துல ஏரிக்குக் கீழே பயிர் வைக்கிறவன் இல்லாம போயிட்டான். 1920இல் நகர அமைப்புச் சட்டம் வந்துச்சு. 1923இல் ஆரம்பிச்சு ஏரியைத் தூர்த்து மாம்பலத்துல புது நகரம் போட்டாங்க. நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டி பேரை வச்சாங்க. அழகான நகரம்தான். நடுவுல பூங்கா, சுத்தித் தெரு. ஆனா அந்த ஏரிக்கு வந்துக்கிட்டிருந்த தண்ணிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லல. அது இன்னும் பழைய விலாசத்துக்கே வந்துக்கிட்டு இருக்கு. மாம்பலம் கால்வாய்னு ஒரு சாக்கடை மாதிரி அதுக்கு ஒரு வழி விட்டிருக்காங்க. 2021 நவம்பர்ல தி.நகர் தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னதை எல்லாரும் பார்த்தோம்.

அதுக்கப்புறம் ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. நுங்கம்பாக்கம் ஏரியில மிச்சம் இருந்த பள்ளம் குப்பை மேடாகி, 1976இல் அதுமேல வள்ளுவர் கோட்டம் எழும்புச்சு. நீரின்றி அமையாது உலகுன்னு சொன்னவருக்கு ஏரி மேல மண்டபம்! அப்புறம் வீட்டு வசதி வாரியமே ஏரிங்களை எடுத்து ‘ஏரி ஸ்கீம்’னு மனை போட்டுச்சு. அதைத் திருட்டுத்தனம்னு சொல்ல மாட்டேன், சர்க்கார் உத்தரவு போட்டு பட்டப்பகல்ல செஞ்ச வேலை அது. ஏழை பாழைக்கு வீடும் வேணுமே. பாசனம் இல்லாத ஏரின்னு காகிதத்துல எழுதினா அது காலி மனைக்குச் சமம். கழனி போனதும் ஏரி போச்சுன்னு தலைப்பு வச்சது இதனாலதான்.

கழனி போறதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு, அதை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. வரப்பு போட்ட கழனியே ஒரு குட்டி ஏரிதான். ஒரு ஏக்கர்ல அரையடி தண்ணி நின்னா ஆறு லட்சம் லிட்டருக்கு மேல. நெல்லு அதைத் தாங்கும். ரெண்டு நாள்ல பூமியும் குடிக்கும். நூறு ஏக்கர் ஆயக்கட்டுன்னா ஆறு கோடி லிட்டர் ஆத்துக்குப் போகாம நிக்குது. 2015 டிசம்பர் ஒண்ணாந்தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. ஒரு கிரவுண்டு மனையில மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல விழுந்திருக்கு. மனை முழுக்க சிமென்ட் போட்டிருந்தா அத்தனையும் தெருவுக்கு. தெரு முழுக்க இப்படின்னா எந்த வடிகால் தாங்கும்? வடிகாலோட வேலை தண்ணியைச் சீக்கிரம் அனுப்புறது. ஏரியோட வேலை அதை மெதுவா அனுப்புறது. பட்டணம் முதல் வேலையை மட்டும் கத்துக்கிட்டு ரெண்டாவதை மறந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரி செம்பரம்பாக்கத்துல இருந்து 29,000 கனஅடி வரைக்கும் திறந்தாங்க. முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா திறந்திருக்கணும்னு ஒரு கட்சி, மேல இருந்த ஏரிங்க உடைச்சதும் சேர்ந்துக்கிச்சுன்னு ஒரு கட்சி. தணிக்கைத் துறை அறிக்கையிலயும் திறந்து விட்ட விதத்தைக் குறை சொல்லியிருந்தாங்க. எனக்கு ரெண்டுலயும் உண்மை இருக்கிறதாத்தான் படுது. செம்பரம்பாக்கம் ஒரு காலத்துல பாசன ஏரி. நிரம்பினா 24 அடி. இப்ப அது சென்னைக்குக் குடிதண்ணித் தொட்டி. தொட்டி வச்சிருக்கிறவனுக்கு நிரப்பி வைக்கத்தான் மனசு வரும். எங்க ஊர் நீர்க்கட்டி மேல் ஏரி கோடி போகுதுன்னு தெரிஞ்சா ராத்திரியோட ராத்திரியா மதகைத் தூக்கி விட்டுடுவார். எந்த மேலிடத்துக்கும் தந்தி அடிச்சுக் கேட்க வேண்டியதில்ல.

பள்ளிக்கரணை இதுல தனிக்கதை. அது ஏரி இல்ல, கழுவேலி. தென்சென்னைப் பக்கத்துல 250 சதுர கிலோமீட்டர்ல பெய்யுற மழை அங்கதான் வந்து சேருது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்னு ஏரி ஏரியா இறங்கி வந்து கழுவேலியில பரவி நின்னு, ஒக்கியம் மடு வழியா பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். மாடு மேயும், கோரை அறுப்பாங்க, மீன் பிடிப்பாங்க. ஆனா பட்டா கிடையாது, கிஸ்தி கிடையாது, மதகு கிடையாது. ரெவின்யூ கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற நிலம். ஏரிக்காவது ‘ஏரி’ன்னு ஒரு மரியாதை இருந்துச்சு. கழுவேலிக்கு அதுவும் இல்லை. 1965 வாக்குல ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல இருந்ததா சொல்றாங்க. பெருங்குடியில குப்பை கொட்டினாங்க. பறக்கும் ரயில் ஸ்டேஷன் வந்துச்சு, கம்ப்யூட்டர் கம்பெனிங்க வந்துச்சு, ஆராய்ச்சி நிலையங்க கூட வந்துச்சு. பத்துல ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கினப்புறம்தான் ஆளுங்க முழிச்சுக்கிட்டாங்க. அங்க பறவை பார்க்கப் போறவங்க, அந்தப் பக்கம் குடியிருந்தவங்க எல்லாம் விடாம கத்தினதால 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடா அறிவிக்கப்பட்டுச்சு. அதே வருஷம் ஏரி ஆக்கிரமிப்பை எடுக்கிறதுக்குத் தனிச்சட்டமும் வந்துச்சு. 2022இல் 1,247 ஹெக்டேரை ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க.

அந்தப் பட்டியல்ல பள்ளிக்கரணையோட சேர்ந்து வந்த இன்னொரு பேர் கரிக்கிலி. வேடந்தாங்கல் பக்கத்துல சின்ன ஊரு. அடுத்த மாசமே வேடந்தாங்கலும் வந்துச்சு. பேப்பர்ல மூணையும் ஒண்ணாப் போட்டிருந்தாங்க. எனக்கு அது விசித்திரமா இருந்துச்சு. ஒரு பக்கம் நாலு படிச்ச எழுத்து இல்லாத குடியானவன் இருநூறு வருஷமா அப்படியே வச்சிருந்த ஏரி. இன்னொரு பக்கம் அத்தனை இன்ஜினியரும் அத்தனை வரைபடமும் வச்சிருந்த பட்டணம் மிச்சம் பிடிச்ச ஓரம். ரெண்டுக்கும் ஒரே சர்டிபிகேட்.

பட்டணத்தைத் திட்டிக்கிட்டே இருக்கிறதும் நியாயம் இல்ல. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்புத் தொட்டி கட்டாயம்னு கொண்டு வந்தது நல்ல வேலை. நிலத்தடித் தண்ணி ஏறுச்சுன்னு அங்க இருக்கிற சொந்தக்காரங்களே சொன்னாங்க. அப்புறம் பல வீட்டுல அந்தக் குழி தூர்ந்துபோய்க் கிடக்குதுங்கிறது வேற விஷயம். 2021 வெள்ளத்துக்கப்புறம் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில குழு போட்டாங்க. கோடிக்கணக்குல செலவு பண்ணி கோசஸ்தலையாறு, கோவளம் பக்கமெல்லாம் புது வடிகால் கட்டுறாங்க. அப்படியும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் படகு விட வேண்டியிருந்துச்சு. 2024இல் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்து அதுல குளம் வெட்ட ஆரம்பிச்சாங்க. அதைப் படிச்சப்போ சிரிப்பும் வந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. நூறு வருஷம் ஏரியைத் தூர்த்த ஊர் குளம் தோண்டுது.

இன்னொண்ணும் சொல்லணும். 2019 கோடையில சென்னைக்குக் குடிதண்ணி கொடுக்கிற நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு போனாங்க. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். கணக்குப் போட்டா நாலு ஏக்கர் கழனியில அரையடி நிக்கிற தண்ணி, அவ்வளவுதான். அந்த வருஷம்தான் சிட்லபாக்கத்துல ஊர் ஜனம் அவங்களே ஏரியில இறங்கிக் குப்பை பொறுக்கித் தூர் வாரினாங்க. அப்புறம் சர்க்காரும் பணம் ஒதுக்குச்சு. அங்க ஒரு சென்ட் கழனி கிடையாது. ஆனா ஏரி வறண்டா வீட்டு போர்ல தண்ணி வராதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு. அப்போ போர் வச்சிருக்கிறவனும் ஆயக்கட்டுக்காரன்தானே. அவனை அப்படி எழுதிக்கிட்டு, கலங்கல் எங்க, வரத்துக்கால் எங்கன்னு காட்டி, ஒரு வாரியத்துல உட்கார வச்சா பட்டணத்து ஏரிக்கும் சொந்தக்காரன் கிடைப்பான்.

இதெல்லாம் ஏன் இப்போ எழுதுறேன்னா, ஜி.எஸ்.டி. ரோடு வழியா பட்டணம் எங்க ஊர் வரைக்கும் வந்துடுச்சு. எங்க ஏரி ஆயக்கட்டுல மூணுல ஒரு பங்கு மனைக்கல்லு நட்டாச்சு. வித்தவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. சொர்ணவாரி போட்டு நஷ்டம், சம்பா போட்டு நஷ்டம், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், என்ன செய்வான்? மனை வாங்கினவங்களும் பாவம், சேர்த்து வச்ச காசு. ஆனா போன மழையில அந்த மனைங்கள்ல முழங்கால் தண்ணி நின்னுச்சு. அது மதகு வாய்க்கால் போற கழனி, நிக்காம என்ன செய்யும்? இப்போ கலங்கலை ரெண்டடி குறைக்கணும்னு மனு எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்காங்க. மனு வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஒரு ராத்திரியில கலங்கல் கல்லு ரெண்டைப் பேர்த்துப் போட்டிருந்தாங்க. நாங்களே சிமென்ட் வச்சுப் பூசினோம்.

கலங்கல் ரெண்டடி குறைஞ்சா தை மாசத்தோட ஏரி காலி. நவரைப் பட்டம் கிடையாது. நவரை இல்லைன்னா மீதி ரெண்டு பங்கும் அஞ்சு வருஷத்துல மனையாயிடும். அப்புறம் இங்கயும் ஒரு ஏரிக்கரைத் தெரு வரும்.

வர்ற திங்கட்கிழமை மனு நாள். நாங்க பதினோரு பேர் கலெக்டர் ஆபீசுக்குப் போறோம். 2017இல் குடிமராமத்து வேலை நடந்தப்போ எடுத்த அளவுக் காகிதம் என்கிட்ட பத்திரமா இருக்கு, கலங்கல் உயரம் அதுல எழுதியிருக்கு. மனை வாங்கினவங்கள்ல ரெண்டு பேர்கிட்டயும் பேசினேன். ஒருத்தர் வீட்டுல போர் போட்டு இருபது நாள்தான் ஆகுது, எத்தனை அடியில தண்ணி வந்துச்சுன்னு கேட்டேன். அறுபது அடின்னார். ஏரி நிரம்பியிருக்கிறப்போ போட்ட போருங்கன்னு சொன்னேன். யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கார்.